கொல்லிமலையில் வழி கேட்டவர்கள்

எங்கள் சபையில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு சுற்றி வரும். வாக்குத்தத்த அட்டைகளை அதில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். கைக்கு வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கான வசனம். அம்மா அதைத் தன் பைபிளுக்குள் வைத்து அடுத்த டிசம்பர் வரைக்கும் பத்திரப்படுத்துவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்த அட்டையில் பயணம் போகிறவனைக் காப்பதைப் பற்றி ஒரு வசனம். அம்மாவுக்கு வந்ததோ வீட்டில் சமாதானமாகத் தங்கியிருப்பதைப் பற்றி. அந்த மாதம்தான் எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருந்தது. சம்பளம் கூடும். ஆனால் ராசிபுரத்தில் அம்மா தனியாக இருக்கவேண்டி வரும். முழங்கால் வலி வேறு. போவதா, இருப்பதா? ஒரு அட்டை போகச் சொல்கிறது, ஒரு அட்டை இருக்கச் சொல்கிறது.

ஒவ்வொரு நாள் ராத்திரியும் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது அம்மா கேட்பார். "ஜெபம் பண்ணீட்டியா கண்ணு?"

"பண்ணீட்டேம்மா."

"என்ன பதில் வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

எதுவும் புரியாத நேரத்தில் பழைய புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். அப்படி உட்கார்ந்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. கேள்வி ஒன்றுதான். "கடவுள் என்னை நடத்துகிறார்" என்று நம்பி நம்ம ஊர்ப் பக்கம் வாழ்ந்தவர்கள், தினப்படி முடிவுகளை எப்படி எடுத்தார்கள்? பெரிய அழைப்பை விடுங்கள். இன்றைக்கு எந்த ஊருக்குப் போவது, எந்தக் கிணற்றைச் சரி செய்வது, பிள்ளையை எங்கே விடுவது, இந்த மாதிரி முடிவுகள்.

பூவும் சீட்டும்

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சாமியிடம் உத்தரவு கேட்பது புதிதல்ல. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. கல்யாணம், கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது எல்லாவற்றுக்கும் பூ கேட்பது உண்டு. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியே இருக்கிறது. ஒரு பக்தரின் கனவில் ஒரு பொருள் வரும். அவர் கோயிலில் வந்து சொல்வார். பூ கேட்டு உறுதி செய்தபின் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

வாக்குத்தத்த அட்டை எடுக்கும் நம்மவர்கள் இதைக் கேட்டால், "அது வேற, இது வேற" என்பார்கள். நம்பிக்கை வேறுதான். ஆனால் கையின் அசைவு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

கிறிஸ்தவத்துக்குள்ளும் இது பழைய பழக்கம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் கவுண்ட் ஜின்ஜென்டார்ஃப் ஆதரவில் வளர்ந்த மொராவியர் சபையில் முக்கிய முடிவுகளுக்குச் சீட்டுப் போட்டார்கள். யாரை எந்த நாட்டுக்கு அனுப்புவது, யார் யாரைக் கல்யாணம் செய்வது என்பதற்குக்கூடச் சீட்டுதான். அந்தச் சபைக்காரர்கள் 1760ல் நம்ம தரங்கம்பாடிக்கு வந்து, தோட்டம் போட்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். பலர் இங்கேயே காய்ச்சலில் இறந்தார்கள். 1818ல் சாதாரண உறுப்பினர்களின் கல்யாணத்துக்குச் சீட்டுப் போடும் கட்டாயத்தை அந்தச் சபை கைவிட்டது.

பைபிளிலும் சீட்டு உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போடுகிறார்கள். ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாள் வந்தபின், புதிய ஏற்பாட்டில் சபை எங்கேயும் சீட்டுப் போட்டு முடிவெடுப்பதாக வரவில்லை. 15ம் அதிகாரத்தில் பெரிய சண்டை ஒன்று வருகிறது. அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், அனுபவத்தைச் சொல்கிறார்கள், கடைசியில் கடிதம் எழுதுகிறார்கள். அடையாளம் கேட்கிறவர்கள் எல்லாரும் கிதியோனின் தோலைச் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6ம் அதிகாரத்தை மறுபடி படித்துப் பாருங்கள். என்ன செய்யவேண்டும் என்று கிதியோனுக்கு முன்னமே சொல்லியாகிவிட்டது. தோலைப் போட்டது வழி தெரியாததால் அல்ல, பயத்தால்.

சேலத்துக்கு வந்த முதல் ஆள்

லண்டன் மிஷன் சங்கம் சேலத்தில் வேலை தொடங்கியது 1827ல். வந்தவர் ஹென்றி கிறிஸ்ப். பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். 1831ல் இறந்துபோனார். மொத்தம் நாலு வருஷம்.

அவருக்குப் பின் வந்தவர்களில் ஜான் மைக்கேல் லெக்லர் என்ற ஜெர்மானியர், 1861ல் இறக்கும்வரை சேலத்தில் இருபது வருஷம் போல் வேலை செய்தார். தொழிற்பள்ளி நடத்தினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் "தேவன் அவரைச் சேலத்துக்கு நடத்தினார்" என்று சுலபமாக எழுதிவிடுவார்கள். கிறிஸ்ப்பைப் பற்றி எழுதும்போது அந்த வாக்கியம் கொஞ்சம் தயங்கும். ஆனால் இரண்டு பேரும் கப்பல் ஏறும்முன் செய்த ஜெபம் ஒரே மாதிரியானதாகத்தானே இருந்திருக்கும்?

வரலாறு படிக்கிறவனுக்கு இங்கேதான் முதல் சிக்கல். "கடவுள் நடத்தினார்" என்பது பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்த்து எழுதுகிற வாக்கியம். நல்லபடியாக முடிந்தவர்களுக்கு அது சீக்கிரம் கிடைக்கிறது. நாலு வருஷத்தில் செத்துப்போனவனுக்குக் கிடைப்பதில்லை. அதனால் எனக்கு வேண்டியது முடிவு தெரியாமல் இருந்த நாட்களின் கதை. அது சேந்தமங்கலத்துக்கு மேலே, கொல்லிமலையில் இருக்கிறது.

மரவீடும் படிக்கிணறும்

இன்றைக்குக் கொல்லிமலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் வாந்தி எடுக்காத குழந்தை கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோடு இல்லை. நடந்தோ, டோலியிலோ ஏறவேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மேலே தங்கமாட்டார்கள்.

ஜெசி பிராண்ட் 1885ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் மிஷனரிகளுக்கான லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருஷம் மருத்துவம் படித்தார். முழு டாக்டர் இல்லை. 1907ல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வழியாக இந்தியா வந்தார். ஈவ்லின் ஹாரிஸ் 1879ல் பிறந்தவர், லண்டனில் வசதியான வியாபாரியின் மகள், ஓவியம் படித்தவர். இரண்டு பேரும் 1913ல் கல்யாணம் செய்துகொண்டு, சேந்தமங்கலத்திலிருந்து மலையேறினார்கள். தூண்கள்மேல் நிறுத்திய மரவீட்டில் குடியிருந்தார்கள். 1914ல் மகன் பால் பிறந்தான். பிறகு ஒரு மகள்.

கொல்லிமலையில் இருந்தபடி இன்னும் நாலு மலைகளையும் மனதில் குறித்துக்கொண்டார்கள். பச்சைமலை, கல்வராயன் மலை, பெரியமலை, சித்தேரி. ஐந்து மலைக்கும் போவது என்று தீர்மானம். அவர்கள் வாழ்க்கையில் "அழைப்பு" என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றுதான். ஒரு தடவை எடுத்த முடிவு. மீதி எல்லாம் தினப்படி வேலை.

அந்தத் தினப்படி வேலைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி இருந்தது. வயசானவர்களைக் கேட்டால் தெரியும். காலில் கொப்புளம் கிளம்பும், உடையும், உள்ளேயிருந்து நூல் மாதிரி புழு தலை காட்டும். இழுத்தால் அறுந்துவிடும், சீழ் பிடிக்கும். அதனால் ஒரு சின்னக் குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்கவேண்டும். மூன்று அடி நீளம்கூட இருக்கும். ஜெசி இதைப் பொறுமையாகச் சுற்றி எடுப்பதைச் சின்னப் பையன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்தச் சீழும் ரத்தமும் அவருக்குக் குமட்டியது.

இந்தப் புழு எப்படிப் பரவுகிறது? புழு உள்ளவர் படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்வார். தண்ணீர் பட்டதும் புழு குஞ்சுகளை விடும். தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் ஒரு வருஷம் கழித்துப் புழு வெளியே வரும். ஆக, கிணற்றுக்குள் கால் வைக்கவிடாமல் செய்தால் போதும். ஜெசி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பும் வேலையில் இறங்கினார். மேலே நின்று வாளியில் இறைக்கவேண்டும், உள்ளே இறங்கக்கூடாது. பிற்பாடு இந்த நாட்டில் அந்த வியாதி ஒழிந்ததில் இந்த வழிக்கும் பங்கு உண்டு. இந்தியாவின் கடைசி நோயாளி 1996ல். நாட்டில் வியாதியே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000ல்.

இதில் ஜெபம் எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஜெசி ஜெபிக்கிற மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிணற்றுக்குச் சுவர் வைக்கலாமா என்று அவர் சீட்டுப் போட்டதாக நான் எங்கேயும் படிக்கவில்லை. படித்த படிப்பு சொன்னது, கண் பார்த்தது, கை செய்தது. நீதிமொழிகள் 3ம் அதிகாரத்தில், சொந்தப் புத்தியையே நம்பிவிடாமல் எல்லா வழியிலும் கர்த்தரை நினை என்று சொல்லும் பகுதி எல்லாருக்கும் தெரியும். அதைக் காட்டி, யோசிப்பதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதே நீதிமொழிகளில்தான் ஆலோசனை கேள், எறும்பைப் பார், வழியைக் கவனி என்று பக்கம் பக்கமாக வருகிறது. கடவுளை நம்புவது என்றால் புத்தியைத் தூக்கி மூலையில் போடுவது என்று ஜெசி புரிந்துகொள்ளவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

அடையாளமே வராத வருஷங்கள்

மருந்து வாங்க ஜனங்கள் வந்தார்கள். பல் பிடுங்க வந்தார்கள். தச்சு வேலை கற்றுக்கொள்ள வந்தார்கள். ஆனால் வருஷக்கணக்கில் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஊர்ப் பூசாரிக்கு இவர்களைப் பிடிக்கவில்லை, யாரும் சேரக்கூடாது என்று தடுத்தார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. அவர் சாமி, அவர் ஊர், அவர் முறைமை.

இப்படி ஐந்து, ஆறு வருஷம் ஓடினால், "கடவுள் கதவை மூடிவிட்டார், கிளம்பலாம்" என்று ஒருவர் சொன்னால் தப்பாகத் தெரியாது. மூடின கதவு, திறந்த கதவு என்ற பேச்சு நம்ம சபைகளில் சகஜம். அவர்கள் கிளம்பவில்லை.

1918, 1919ல் உலகம் முழுக்க விஷக்காய்ச்சல் பரவியது. மலைக்கும் வந்தது. வீடு வீடாக ஆட்கள் படுத்தார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் இல்லை. பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். சொந்தக்காரர்களே பக்கத்தில் வரப் பயந்த நேரம். இவர்கள் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அந்தப் பெண்குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையில் ஒரு சபை உருவாகத் தொடங்கியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் "அதுதான் கடவுள் காட்டிய அடையாளம்" என்று முடிப்பார்கள். எனக்கு அதைவிட முந்தின நாள் முக்கியம். கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போன நாளில் எந்த அடையாளமும் கிடையாது. காய்ச்சல்காரன் ஒருவன் பசியோடு கிடக்கிறான், நம் வீட்டில் கஞ்சி இருக்கிறது, அவ்வளவுதான். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையும் இப்படித்தான். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். பிரசவத்தில் துடிக்கும் மனைவிக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்றார்கள். ஆண் டாக்டரான அவர் அப்பாவை ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா டாக்டருக்குப் படிக்கப் போனார். அதைக் கடவுளின் குரல் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் காதில் விழுந்தது மனுஷர்களின் குரல்தான்.

என்னால் எழுத முடியாத இடம்

இனி வருவது சங்கடமான பகுதி.

1923ல் குடும்பம் இங்கிலாந்து போனது. பாலுக்கு 9 வயசு, தங்கைக்கு அதற்கும் குறைவு. படிப்புக்காகப் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ஜெசியும் ஈவ்லினும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். அந்தக் காலத்து மிஷனரிகள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஜெசி மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மரங்களைப் பார், பூச்சிகளைப் பார், உலகத்தைக் கவனி என்கிற மாதிரி கடிதங்கள்.

1929 ஜூனில் ஜெசிக்குக் கருநீர்க் காய்ச்சல் வந்தது. மலேரியா முற்றி, ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் வியாதி. அந்த மாதமே இறந்தார். வயசு 44. கொல்லிமலையில் வாழவந்தி ஊரில் புதைத்தார்கள். இங்கிலாந்தில் பாலுக்குத் தந்தி போனது. அதற்குப் பிறகு, அப்பா உயிரோடு இருந்தபோது போட்ட கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. 9 வயசுக்குப் பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"பிள்ளைகளை விட்டுப் போகும்படி கடவுள் நடத்தினார்" என்று என்னால் எழுத முடியவில்லை. "நடத்தவில்லை" என்று எழுதவும் எனக்கு உரிமை இல்லை. அவர்கள் ஜெபித்தார்கள், அழுதார்கள், முடிவெடுத்தார்கள், அதன் விலையைப் பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்தார்கள். கடவுளை நம்பி எடுக்கிற முடிவும் மனுஷன் எடுக்கிற முடிவுதான். அதன் பாரத்தை மேலே தள்ளிவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது.

ஒரே ஜெபம், இரண்டு பதில்

கணவர் போனபின் ஈவ்லின் இந்தியாவிலேயே தொடர்ந்தார். பிற்பாடு சங்கம் அவரைச் சமவெளி வேலைக்கு மாற்றியது. மனசு மலையில். 1947 வாக்கில், 68 வயசில், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டபோது சங்கம் மறுத்தது. ஒரே ஒரு வருஷம் என்று கெஞ்சி வாங்கினார். அந்த வருஷம் முடிந்து பிரிவு விழா நடக்கும்போது சொன்னார், ஓய்வு பெற்றாயிற்று, இனி என் விருப்பம், நான் மலைக்குப் போகிறேன் என்று. போயே விட்டார்.

அங்கே சின்ன வீடு. மட்டக்குதிரை. பிறகு குதிரை ஏற முடியாமல் இரண்டு மூங்கில் கம்பு. விழுந்தார், எலும்பு முறிந்தது, மறுபடி ஏறினார். ஜெசியோடு குறித்துக்கொண்ட மற்ற மலைகளுக்கும் போனார். எல்லாருக்கும் "பாட்டி". 1974 டிசம்பரில், 95 வயசில் இறந்தார். வாழவந்தியில் ஜெசி பக்கத்திலேயே அடக்கம்.

இதைச் சொல்கிறவர்கள் சங்கத்தை வில்லனாக்கிவிடுவார்கள். நான் அந்தக் கமிட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். 68 வயசுப் பெண்மணி. மலேரியா மலை. அதே மலையில்தான் கணவர் செத்தார். விழுந்தால் டோலியில் கீழே கொண்டுவரவேண்டும். அனுப்பாதே என்று சொல்வதுதான் பொறுப்பான முடிவு. அவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். ஈவ்லினும் ஜெபித்துவிட்டுத்தான் போனார். ஒரே கடவுள், இரண்டு பதில்.

பாட்டி 1948லேயே காய்ச்சலில் இறந்திருந்தால்? கமிட்டி சொன்னது சரி என்று எழுதியிருப்போம். சேலத்தில் கிறிஸ்ப் நாலு வருஷத்தில் போன மாதிரி. ஆனால் பாட்டியின் முடிவு 1974ல் சரியாகிவிடவில்லை. மலையேறிய அன்றைக்கே அதற்கு ஒரு தரம் இருந்தது. அவர் இனிமேல் சங்கத்தின் பணத்தில் போகவில்லை, சங்கத்தின் பெயரில் போகவில்லை, யாரையும் "கடவுள் சொன்னார், நீங்கள் அனுப்பியே ஆகவேண்டும்" என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த முடிவுக்கு ஆகும் செலவைத் தன் உடம்பிலும் தன் கையிலும் ஏற்றுக்கொண்டார். "கடவுள் என்னிடம் சொன்னார்" என்று ஆரம்பித்து அடுத்தவர் வாயை அடைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டி அந்த ரகம் இல்லை.

மகன் பாலின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. உறவினர் ஒருவர் மருத்துவம் படிக்கப் பணம் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றார். நரம்புச் சிலந்திச் சீழ் ஞாபகம். அப்பா மாதிரி வீடு கட்டத் தெரிந்த மிஷனரி ஆகலாம் என்று கொத்து வேலையும் தச்சு வேலையும் சில வருஷம் கற்றார். பிறகு அப்பா படித்த மாதிரியே கொஞ்சம் மருத்துவம் படிக்கப் போன இடத்தில் மனசு மாறி, லண்டனில் டாக்டருக்கே படித்தார். 1946ல் வேலூர் வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். தசைநாரை இடம் மாற்றி அந்தக் கைகளை மறுபடி விரியவைக்கும் அறுவை சிகிச்சையில் உலகத்துக்கே முன்னோடி ஆனார். கை சரியானவர்களுக்குத் தொழில் வேண்டுமே? தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். வீணாகப் போனதாகத் தெரிந்த வருஷங்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

அதை வழிநடத்தல் என்று அவர் நம்பினார். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் கொத்துக்கரண்டியைப் பிடித்திருந்த நாட்களில் அது அவருக்குத் தெரியாது.

ராசிபுரம்

இந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கமிட்டி கதை வந்ததும் அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"அந்தக் கமிட்டிக்காரங்க அந்தம்மாவை என்ன வேணும்னு கேட்டாங்களா கண்ணு?"

"கேட்டிருப்பாங்கம்மா."

"நீ என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஒரு மாதம் ஜெபித்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐயரிடம் பேசினேன், நண்பர்களிடம் பேசினேன். அம்மாவுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அம்மாவைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

கேட்டேன். ஓசூர் குளிருக்கு முழங்கால் தாங்காது, ஆனால் நீ எனக்காக இங்கே உட்கார்ந்து பொருமிக்கொண்டு இருந்தால் அதுவும் தாங்காது என்றார். வாரம் ஒரு தடவை வா, பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துக்கொள்கிறேன், முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றார். அந்த வாரமே போனோம். மூன்று மாதம் கழித்து ஓசூருக்குப் போனேன். இப்போதும் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடிகாலை கிளம்புகிறேன். இது சரியான முடிவுதானா என்று சில திங்கட்கிழமைகளில் சந்தேகம் வரும்.

ஜெபிப்பதை நான் விடவில்லை. ஆனால் ஜெபம் முடிந்ததும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவதில்லை. யாரைக் கேட்க மறந்தேன் என்று பார்க்கிறேன். எது கண்ணுக்கு முன்னால் இருந்தும் செய்யாமல் விட்டிருக்கிறேன் என்று பார்க்கிறேன். கொல்லிமலைக்காரர்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

போன டிசம்பர் 31ம் அட்டை எடுத்தேன். எடுத்து, வசனத்தைப் படித்து, அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அவருடைய பைபிளுக்குள் இருக்கிறது.